அப்பா கழுத்தும் என் கழுத்தும்

எங்க வீட்டுல காலையில நாலே முக்காலுக்கு ஒரு சத்தம் கேட்கும். பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி சர்ர்... சர்ர்னு, தேங்காய் ஓட்டை அரத்தால தேய்க்கிற மாதிரி. அப்பா ஷேவ் பண்றார்னு அர்த்தம். ஆறு மணி ஷிப்ட்டுக்கு மூக்கண்டபள்ளியிலிருந்து சைக்கிள்ல சிப்காட் போகணும். மார்கழி மாசத்து ஓசூர் குளிர்ல, டேங்க்ல இருந்து வர்ற ஐஸ் தண்ணியிலேயே ஷேவ் பண்ணுவார். முடிச்சதும் படிகாரக் கட்டியைக் கழுத்துல தேய்ச்சுக்கிட்டே வெளியே வருவார். கழுத்து முழுக்க கருப்புக் கருப்பா, மிளகு ஒட்டி வெச்ச மாதிரி சின்னச் சின்ன கொப்புளம். கேட்டா, "சூடுடா"ன்னு ஒரே வார்த்தை. அம்மாவும் இருபது வருஷமா அதே சூட்டுக்குத்தான் வெந்தயம் ஊற வெச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

எனக்கு மீசை முளைச்ச வயசுல அந்தச் சூடு எனக்கும் வந்தது.

நான் பன்னெண்டாவது படிச்சு வந்தவன் இல்லை. டிப்ளமோ முடிச்சு லேட்டரல் என்ட்ரியில செகண்ட் இயர் சேர்ந்தவன். நான் டிப்ளமோ படிச்ச இடத்தோட பேரு இங்க வேண்டாம். அங்க கேட்டுலயே ஒரு சார் நின்னுக்கிட்டு இருப்பார். ஐடி கார்டு பார்ப்பார், ஷூ பார்ப்பார், அப்புறம் புறங்கையால தாடையைத் தடவிப் பார்ப்பார். சொரசொரன்னு இருந்தா வெளியே. எனக்கு வளர்றது சுருட்டைத் தாடி, கம்பி மாதிரி இருக்கும். காலையில வழிச்சா சாயங்காலம் பச்சை தட்டும், மறுநாள் காலையில சொரசொரப்பு ரெடி. அதனால தினமும் ஷேவ். ஒருநாள் இன்டர்னல் எக்ஸாம் அன்னிக்கு என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. எதிர்ல பெட்டிக்கடையில ஒரு யூஸ் அண்ட் த்ரோ ரேஸர் வாங்கி, பஸ் ஸ்டாண்ட் கண்டக்டர்கள் முகம் கழுவுற குழாயில, சோப்பு கூட இல்லாம கீழிருந்து மேல் இழுத்தேன். ஆன்சர் ஷீட்டுல ரெண்டு இடத்துல ரத்தப் பொட்டு இருந்தது. பேப்பர் திருத்தினவர் அதைச் சுத்தி சிவப்புப் பேனாவால வட்டம் போட்டிருந்தார். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

ஆறு மாசத்துல என் கழுத்து அப்பா கழுத்து மாதிரி ஆயிடுச்சு. இங்கதான் நான் பண்ணின ஒவ்வொரு முட்டாள்தனத்தையும் சொல்லணும், ஏன்னா நம்ம ஹாஸ்டல்ல இப்பவும் நாலு பேர் இதே ரூட்டுல போய்க்கிட்டு இருக்கான்.

முதல்ல, பிளேடு எண்ணிக்கையைக் கூட்டினேன். ரெண்டு பிளேடு ரேஸர் போய் மூணு, அப்புறம் அஞ்சு. விளம்பரத்துல அந்த ஆள் கன்னத்தைத் தடவிக்கிட்டே சிரிப்பானே, அது. முதல் நாள் வழவழன்னுதான் இருந்தது. மூணாம் நாள் முன்ன விட மோசம். அடுத்து மெடிக்கல் ஷாப். கழுத்தைக் காட்டினதும், கேட்காமலே ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தாங்க. போட்ட ரெண்டு நாள்ல எல்லாம் அமுங்கிடுச்சு, நிறுத்தின நாலாவது நாள் ரெண்டு மடங்கா வந்தது. அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம்னு அப்புறம்தான் தெரிஞ்சது. தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு போகும். சிவப்பழகு க்ரீம்னு நினைச்சு நம்ம ஊர்ல பாதிப் பேர் பூசுறதும் இந்த வகைதான்.

மூணாவது, முடி நீக்கும் க்ரீம். இது நடந்தது இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் செலக்‌ஷனுக்கு முந்தின ராத்திரி. அக்கா வெச்சிருந்த டியூப். அதுல இருக்கிறது தயோகிளைகோலேட் உப்பு. முடி கெரட்டின்னால ஆனது, கெரட்டினைக் கெட்டியா பிடிச்சு வெச்சிருக்கிறது கந்தகம்–கந்தகப் பிணைப்பு. அந்தப் பிணைப்பை இந்த உப்பு அறுத்துவிடும், முடி கூழாகி வழிஞ்சு வந்துடும். அது வேலை செய்ய pH 12 பக்கம் காரம் வேணும். பிரச்சினை என்னன்னா, தோல்லயும் கெரட்டின்தான் இருக்கு. கால் முடிக்கு அஞ்சு நிமிஷம்னு போட்டிருந்தது. என் தாடி அஞ்சு நிமிஷத்துல அசையவே இல்லை. இன்னும் பத்து நிமிஷம் விட்டேன். 'முகத்துக்கு உபயோகிக்க வேண்டாம்'னு டியூப்லயே எழுதியிருந்ததை எரிச்சல் தாங்காம முகத்தைக் கழுவிட்டு வந்த பிறகுதான் படிச்சேன். மறுநாள் இன்டர்வியூவுக்கு வெந்த தக்காளி மாதிரி தாடையோட போய் உட்கார்ந்தேன். பேனல்ல ஒருத்தர் டார்க் பத்திக் கேள்வி கேட்க ஆரம்பிச்சு, பாதியில நிறுத்தி, "தம்பி, தண்ணி குடிக்கிறியா?"ன்னார்.

செலக்ட் ஆயிட்டேன். அவர் பாவம் பார்த்தாரா, பதில் சரியா இருந்ததான்னு தெரியலை.

எரிஞ்ச தாடைக்காகத்தான் முதல்முறையா கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஸ்கின் ஓ.பி. வரிசையில நின்னேன். டாக்டர் மேடம் டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. எரிச்சலுக்கு மருந்து எழுதிட்டு, கழுத்தைக் காட்டி, "இது எத்தனை வருஷமா இருக்கு?"ன்னு கேட்டாங்க. "சூடு மேடம்"னேன். சிரிச்சுட்டாங்க. ஒரு ஊசி நுனியால ஒரு கொப்புளத்தை லேசா நெம்பினாங்க. உள்ளே வில்லு மாதிரி வளைஞ்சு கிடந்த ஒரு முடி டக்குனு வெளியே நிமிர்ந்தது. பக்கத்துல இருந்த கண்ணாடியில அதை நானே பார்த்தேன்.

அதுக்குப் பேர் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. சுருட்டை முடி வளைஞ்சுதான் வளரும். அதைச் சாய்வா, கூர்மையா வெட்டிட்டா, முனை ஊசி மாதிரி ஆயிடும். வளரும்போது வளைஞ்சு வந்து பக்கத்துத் தோலுக்குள்ளயே குத்தி இறங்கும். உடம்பு அதை முள்ளு குத்தின மாதிரி நினைச்சு சண்டை போடும், கொப்புளம் வரும். என் அஞ்சு பிளேடு ரேஸர் எதுக்கு நிலைமையை மோசமாக்கினதுன்னும் அன்னைக்குத்தான் புரிஞ்சது. முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்கும், அடுத்தது வெட்டும். வெட்டின முடி ரப்பர் மாதிரி தோலுக்குக் கீழே போய்டும். அப்புறம் அது வெளியே வர்றதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள குத்த ஆரம்பிச்சுடும். தடவினா வழவழன்னு இருக்கிறது எதனாலன்னா, முடி தோலுக்கு அடியில போயிருக்கு, அதனால. உலகத்துல இது அதிகம் வர்றது சுருட்டை முடி இருக்கிற கறுப்பின ஆண்களுக்கு. அமெரிக்க ராணுவத்துல இதுக்காக ஷேவ் பண்ணாம இருக்க டாக்டர் சீட்டு கொடுக்கிற வழக்கமே இருந்திருக்கு. என் டிப்ளமோ கேட்டுல அப்படி ஒரு சீட்டு நீட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பார்க்கிறேன்.

டாக்டர் சொன்னது ரொம்பச் சிம்பிள். ஒரு மாசம் பிளேடு தொடாதே. அப்புறம் ட்ரிம்மர்ல ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டு. ஷேவ் பண்ணியே ஆகணும்னா சுடுதண்ணி, ஒத்தைப் பிளேடு, முடி வளர்ற திசையிலேயே, ஒரே இழுப்பு.

ஒத்தைப் பிளேடுன்னதும் ஒரு கதை ஞாபகம் வருது. 2002ல ஜில்லெட் கம்பெனி இந்தியாவுக்குன்னு வெக்டார்னு ஒரு ரேஸர் விட்டாங்க. முடி அடைச்சுக்காம இருக்க ஒரு பட்டை வெச்சு டிசைன் பண்ணி, அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில படிச்சுக்கிட்டிருந்த இந்தியப் பசங்ககிட்ட கொடுத்து டெஸ்ட் பண்ணினாங்க. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. இந்தியாவுல போணி ஆகலை. காரணம், அந்தப் பசங்களுக்கு அங்க குழாயைத் திறந்தா தண்ணி கொட்டும். இங்க ஒரு கப் தண்ணியில முழு ஷேவும் முடிக்கிற வீடுகள் எத்தனை! அப்புறம் ஆளுங்களை நேரா இங்க அனுப்பி, வீடு வீடா உட்கார்ந்து பார்த்து, 2010ல கார்டுன்னு ஒண்ணு விட்டாங்க. ஒரே பிளேடு, கைப்பிடியோட 15 ரூபாய், பிளேடு மட்டும் 5 ரூபாய். டிசைன் திங்கிங் பேப்பர்ல இதைவிட நல்ல உதாரணம் யாரும் எனக்குச் சொல்லலை. என் பிரச்சினைக்கு அந்த அஞ்சு ரூபாய் பிளேடுதான் ஒத்து வந்தது.

பிளேடு சீக்கிரம் மழுங்குறதுக்கும் ஒரு எம்.ஐ.டி. கதை இருக்கு. மெட்டீரியல் சயின்ஸ் பிடிச்சவங்களுக்காக இது. முடி ஸ்டீலைவிட சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படின்னா முடி எப்படி பிளேடைக் கெடுக்கும்? 2020ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு பேப்பர் வந்தது. ரொஸ்கியோலின்னு ஒரு ஆராய்ச்சி மாணவர் தன் தாடியையே வழிச்சு வழிச்சு, ஒவ்வொரு தடவையும் பிளேடை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்திருக்கார். முனை தேய்ஞ்சு உருண்டையா ஆகலை, துண்டு துண்டாச் சிதறியிருந்தது. முடி வளையும்போது, பிளேடு முனையோட மார்ட்டென்சைட் அமைப்புல சீரில்லாத ஒரு இடம் அங்க அமைஞ்சா, அந்த இடம் பொட்டுனு உடைஞ்சு போகுது. தன் தாடியை வெச்சே ஒருத்தர் 'சயின்ஸ்'ல பேப்பர் போட்டுட்டார். நான் அதே தாடியால அரியர் வெச்சேன்.

அடிக்கடி வழிச்சா முடி தடிப்பா வளரும்னு சொல்றது பொய். 1928லயே மில்ட்ரெட் ட்ராட்டர்னு ஒரு அம்மா ஆண்கள் தாடியை வெச்சு ஆராய்ச்சி பண்ணி, அப்படி எதுவும் ஆகலைன்னு சொல்லிட்டாங்க. வெட்டின முனை மொட்டையா இருக்கிறதால தடிப்பா தோணுது, அவ்வளவுதான்.

லேசர் பத்தியும் விசாரிச்சேன். அத்திப்பள்ளி தாண்டி பஸ் பிடிச்சா பெங்களூர்ல தெருவுக்குத் தெரு கிளினிக். லேசர் வெளிச்சத்தை முடியில இருக்கிற மெலனின் உறிஞ்சும், சூடாகி வேர் சாகும். நம்ம தோல்லயும் மெலனின் நிறைய இருக்கே, அதுதான் சிக்கல். கருப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர்தான் பாதுகாப்பு, அது தோலோட மேல் அடுக்கை அதிகம் தொடாம ஆழமா இறங்கும். நான் போன இடத்துல எந்த மிஷின்னு கேட்டேன், ரிசப்ஷன்ல இருந்தவங்க பேக்கேஜ் விலை சொன்னாங்க. திரும்பக் கேட்டேன், டிஸ்கவுன்ட் சொன்னாங்க. ஆறேழு சிட்டிங், ஒவ்வொண்ணும் என் ஒரு மாச ஸ்டைபண்டுக்குப் பக்கத்துல. திரும்பி வந்துட்டேன். வேலைக்குப் போன பிறகு, அலைநீளம் சொல்ற ஒரு டாக்டரைப் பார்த்துக்கலாம்.

இனிமே தாடியை ட்ரிம் பண்ணிக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்னு நினைச்சேன். ட்ரெய்னிங்ல என்னை பெயின்ட் ஷாப்ல போட்டாங்க. முதல் நாளே சேஃப்டி ஆபீசர் சார், "க்ளீன் ஷேவ் இல்லாம பூத்துக்குள்ள விட மாட்டேன்"னார். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. மறுபடியும் ஒரு கேட்டு, மறுபடியும் ஒரு சார். டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினேன். முழுசாப் படிச்சார். திட்டலை. ஒரு ஹாஃப் மாஸ்க் எடுத்து எனக்கு மாட்டிவிட்டு, "ரெண்டு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால மூடு. இப்ப மூச்சை இழு"ன்னார். மாஸ்க் முகத்தோட ஒட்டி அமுங்கணும். எனக்குத் தாடை ஓரத்துல காத்து சிலுசிலுன்னு உள்ளே வந்தது. "அந்தக் காத்து வர்ற வழியாத்தான் தம்பி ஐசோசயனேட்டும் வரும். ஒரு தடவை ஆஸ்துமா பிடிச்சுதுன்னா அப்புறம் இந்த வாசனைப் பக்கமே நீ வர முடியாது."

ரெண்டு பேரும் சொன்னது ஒரே விதிதான். அந்த சார் என்னைத் தடவிப் பார்த்தார். இவர் என்னையே மூச்சு இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

மதியம் சாப்பாட்டு நேரத்துல மாஸ்க்கைக் கழட்டிட்டு கண்ணாடி பார்த்தேன். ரப்பர் அழுத்தின தடம் முகத்துல கோடு மாதிரி இருந்தது. மூக்குத் தண்டு, ரெண்டு கன்னம், முகவாய்க்கு அடியில ரெண்டு விரல் தூரம். அதுக்குக் கீழே கழுத்துல எதுவுமே இல்லை. என் கொப்புளம் எல்லாம் கழுத்துலதான். நேரா சார்கிட்ட போனேன். "சார், சீல் உட்கார்ற இடம் மட்டும் க்ளீனா இருந்தாப் போதும்ல? கழுத்துல ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கலாமா?" அவர் தன் மாஸ்க்கைப் போட்டு, கழட்டி, அவர் முகத்துத் தடத்தையே தடவிப் பார்த்தார். "நாளைக்கு அப்படியே வா. லீக் டெஸ்ட் பாஸ் ஆனா சரி."

பாஸ் ஆச்சு. பத்து செகண்ட் மூச்சைப் பிடிச்சேன், மாஸ்க் அசையலை. அன்னைக்கு நான் எந்த எக்ஸாம் பாஸ் பண்ணினதுக்கும் படாத சந்தோஷம் பட்டேன்.

ஸ்டைபண்ட் வந்ததும் ஒரு ட்ரிம்மர் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை அப்பாவை வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார வெச்சேன். "எனக்கு எதுக்குடா இதெல்லாம், சூடு அது"ன்னார். டாக்டர் காட்டின மாதிரி, சுடுதண்ணித் துணி ஒத்தடம் கொடுத்து, ஸ்பிரிட்ல துடைச்ச ஊசியால, மேலாக வளைஞ்சு தெரிஞ்ச ஒரு முடியை மட்டும் தூக்கிவிட்டேன். பிடுங்கலை. செல்போன்ல போட்டோ எடுத்துப் பெரிசாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார்.

"இதுவா?"ன்னார். அப்புறம் உள்ளே பார்த்து, "ஏம்மா, இங்க வந்து பாரு, இத்தனை வருஷமா உன் வெந்தயத்தையெல்லாம் தின்னது இந்த முடிதான்"னு அம்மாவைக் கூப்பிட்டார்.

இப்ப காலையில நாலே முக்காலுக்கு எங்க வீட்டுல கேட்கிறது ட்ரிம்மர் சத்தம். படிகாரக் கட்டி இன்னும் ஜன்னல் மேலயே இருக்கு. ட்ரிம் பண்ணி முடிச்சும் அதை எடுத்துக் கழுத்துல ஒரு தடவு தடவிக்கிட்டுத்தான் கிளம்புறார்.