இருகால் தாங்கி

வில்லெடுத்த காலந்தொட்டே குறி பார்ப்பவனின் பெருமையெல்லாம் அவன் கண்ணுக்கும் கைக்கும் உரியதாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. மரத்தின் மேலிருந்த பறவையின் கண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று அர்ச்சுனன் துரோணரிடம் கூறினான். அவன் நின்ற தரை எத்தகையது என்று எவரும் கேட்டதில்லை. ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் உள்ள இலக்கை நோக்கி ரைபிள் சுடுவோருக்கோ, தரையே முதற் கவலை. தரைக்கும் துப்பாக்கிக்கும் இடையில் நிற்கும் இரண்டு மெல்லிய கால்களைப் பற்றி அவர்கள் மணிக்கணக்கில் வாதிடுவதுண்டு.

துப்பாக்கி வைத்திருப்பதும் சுடுவதும் மிகக் கடுமையான சட்டங்களுக்கு உட்பட்ட நாடுகள் நம்முடையவை. மலேசியாவில் 1971ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களின் கண்டிப்பை அறியாதார் இலர். ஆதலால் இந்த விளையாட்டு நம் வாசகர்களிற் பலருக்கு அயலானதாகத் தோன்றக்கூடும். ஆயினும் முதுமையோடு ஒருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கை எந்நாட்டவர்க்கும் பொதுவானதே. இருகால் தாங்கியின் கதை உண்மையில் அதுதான்.

பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் 1860ஆம் ஆண்டு விம்பிள்டன் வெளியில் முதற் போட்டியை நடத்தியபோது, தொடக்க வெடியைத் தீர்த்தவர் விக்டோரியா மகாராணியார். விட்வொர்த் ரைபிள் ஒன்று முன்னதாகவே பொறித்தாங்கி ஒன்றில் பொருத்திக் குறிவைக்கப்பட்டிருந்தது. அரசியார் பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கின் நடுப்பகுதியில் குண்டு பாய்ந்தது. தாங்கியின் வல்லமை அன்றே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அரசியாருக்குக் கிடைத்த சலுகை குடிகளுக்குக் கிடைக்கவில்லை. 1890இல் போட்டிகள் சர்ரே வட்டாரத்தின் பிஸ்லி திடலுக்கு மாறிய பின்னரும், தரையில் குப்புறப் படுத்து, இடக்கையில் வாரை இறுக்கி, முழங்கையை மண்ணில் ஊன்றிச் சுடுவதே முறையான கலை என்று கருதப்பட்டது.

அந்த நிலையில் அரைமணி நேரம் கிடந்து பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். கழுத்து பின்னோக்கி வளைகிறது. வார் நரம்பை அழுத்துவதால் நாடித்துடிப்பே துப்பாக்கியை ஆட்டுகிறது. பின்னே ஒரு சிறு துளை, முன்னே ஒரு வளையம், அப்பால் மங்கலான இலக்கு ஆகிய மூன்றையும் ஒரு நேர்க்கோட்டில் நிறுத்த வேண்டிய கண்ணோ, ஐம்பதைத் தாண்டியதும் அருகில் உள்ளதைத் தெளிவாகக் காண மறுக்கிறது. காற்றின் போக்கை ஆண்டாண்டாகப் படித்துத் தேர்ந்த ஒருவர், அந்த அறிவு முழுமை பெறும் வயதில் மூட்டுவலியால் திடலை விட்டு வெளியேறுவது எவ்வளவு பெரிய இழப்பு!

இதை உணர்ந்தவர் கனடா நாட்டின் ஜார்ஜ் ஃபார்குஹார்சன். இருகால் தாங்கியும் தொலைநோக்கியும் வைத்துக்கொண்டு முதியவர்கள் தொடர்ந்து சுடட்டுமே என்று அவர் வாதிட்டார். 1990களில் உருப்பெற்ற அப்பிரிவுக்கு அவர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே 'எஃப் கிளாஸ்' என்று பெயர் வழங்கலாயிற்று. தொடக்கத்தில் இதனைக் கிழவர்களின் பொழுதுபோக்கு என்று எள்ளியவர்கள் உண்டு. பிஸ்லியில் 2009இலும், அமெரிக்காவின் ராட்டனில் 2013இலும், ஒட்டாவாவில் 2017இலும் இதற்கு உலகப் போட்டிகளே நடைபெற்றன. இளைஞர்களும் திரளாக வந்து சேர்ந்தனர்.

இப்பிரிவு இரண்டு கிளைகளாக இயங்குகிறது. 'ஓபன்' என்பதில் துப்பாக்கி 10 கிலோ வரை இருக்கலாம். கனமான தனித் தாங்கியைத் தரையில் வைத்து அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தலாம். மற்றொன்றான 'டார்கெட் ரைபிள்' கிளையில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் என்னும் இரண்டு தோட்டா வகைகளுக்கே இடம். அங்கே தொலைநோக்கியும் இருகால் தாங்கியும் உட்பட மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டலாகாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தாங்கிக்குக் கூட்டும் ஒவ்வொரு கிராமும் குழலிலிருந்தோ கட்டையிலிருந்தோ குறைக்கப்பட வேண்டிய கிராம். கனமான குழல் சூடேறினாலும் நிதானம் இழப்பதில்லை என்பதால் அதை எவரும் மனமுவந்து விட்டுக்கொடுப்பதில்லை.

புதிதாக வருபவர் பெரும்பாலும் ஹாரிஸ் போன்ற மடக்குத் தாங்கியோடு வருகிறார். வில்சுருளின் இழுப்பில் கால்கள் சட்டென்று விரியும், மடங்கும். எடையும் குறைவு. வேட்டைக்காரருக்கும் படைவீரருக்கும் அது நல்ல துணை. ஆனால் அதன் கால்கள் நெருங்கி நிற்பவை. குண்டு குழலுக்குள் சுழன்று செல்லும்போது துப்பாக்கி எதிர்ப்புறமாகத் திருக முயல்கிறது. நெருங்கிய கால்கள் அத்திருகலைத் தாங்க வல்லவை அல்ல. அகன்ற கால்களை உடைய போட்டித் தாங்கிகள் தோன்றியதற்கு இதுவே காரணம்.

கால் அகலமாக இருப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. துப்பாக்கி ஒருபுறம் சாய்வது கண்ணுக்குத் தெரியாத பகை. ஆயிரம் கெஜத்துக்கு .308 தோட்டாவைச் செலுத்தக் குழலை ஏறத்தாழ அரைப் பாகை உயர்த்த வேண்டியுள்ளது. அந்த உயரத்தில் துப்பாக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் குண்டு பக்கவாட்டில் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேலாகவே விலகிவிடும். அமெரிக்க இலக்கில் பத்து மதிப்பெண் தரும் வட்டத்தின் முழு விட்டமே 10 அங்குலம்! எப்போதும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். ஒரு வெடிக்கு ஒருவிதமும் மறு வெடிக்கு வேறுவிதமும் சாயும் தாங்கியை என்ன செய்வது?

இனிப் பாதங்களைப் பார்ப்போம். கடைகளில் தாங்கியைத் தூக்கிப் பார்ப்பவர்கள் பாதங்களைப் பார்ப்பதே இல்லை. குண்டு குழலைவிட்டு நீங்குமுன்னரே துப்பாக்கி பின்னோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. 8 கிலோ எடையுள்ள துப்பாக்கி அந்த இமைப்பொழுதில் நகரும் தூரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர் பயணம் நேராக அமைய வேண்டும். ரப்பர்ப் பாதம் காங்கிரீட்டில் பற்றிக்கொண்டு, பின்னர்த் துள்ளுகிறது. கூர்முனைப் பாதம் புல்தரையில் உறுதியாக நின்றாலும் வெடிக்கு வெடி ஆழமாகப் புதைகிறது. பனிச்சறுக்குக் கட்டைபோல் நீண்டு வளைந்த பாதங்கள் பின்னுதைப்பில் நேராக வழுக்கி வருவதால், மீண்டும் முன்னே தள்ளினால் துப்பாக்கி ஏறத்தாழப் பழைய இடத்திலேயே வந்து அமர்கிறது.

எனினும் சறுக்குப் பாதம் எல்லார்க்கும் ஏற்றதன்று. தோளால் தாங்கியை முன்னோக்கி அழுத்திச் சுடும் பழக்கம் உடையவருக்கு, அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் பாதம் வேண்டும். சறுக்குப் பாதம் அவரை ஏமாற்றும். துப்பாக்கியைத் தொட்டும் தொடாமலும் பிடித்து அதன் போக்கில் விடுபவருக்கோ சறுக்குப் பாதமே சிறந்தது. ஆகவே தாங்கியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தம் தோளைத்தான் அறிந்துகொள்ள வேண்டும். முக்காலிக்கு மூன்று கால், இத்தாங்கிக்கு இரண்டே. மூன்றாவது கால், கட்டையின் அடியில் இருக்கும் மணற்பையும் சுடுபவரின் தோளுமே ஆகும்.

அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படுவது 'ஜாய்-பாட்'. அதனை உருவாக்கியவர் நம் அண்டை நாடான இந்தோனேசியாவைச் சேர்ந்த செப் லம்பாங் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பின்னோக்கி நீண்ட ஒரே கோலைக் கையில் பிடித்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் குறியை நகர்த்தலாம். சாதாரணத் தாங்கியில் உயரத்தைத் திருத்த மணற்பையைப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். காற்று நொடிக்கு நொடி மாறும் வேளையில் அப்பிசைவு நேரத்தைத் தின்றுவிடும். கோல் உள்ள தாங்கியில் அத்தொல்லை இல்லை. முழங்கை நோகும் முதியவருக்கு இது பேருதவி. ஆனால் அசையும் பகுதிகள் மிகுதியாதலின், சிறு தளர்வும் இலக்கில் தெரிந்துவிடும். திருகாணிகளை அடிக்கடி சரிபார்க்கும் பொறுமை இல்லாதவர் எளிய தாங்கியோடு நின்றுவிடுவது நல்லது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை எளிது. தாங்கியைத் துப்பாக்கியில் பூட்டி, கால்களை முழுதும் நீட்டாமல் வேண்டிய உயரத்துக்கு மட்டும் நீட்டி, கட்டையின் பின்புறத்தை மெல்ல அசைக்க வேண்டும். பூட்டில் ஆட்டம் இருந்தால் விரலுக்கு உடனே தெரியும். பிறகு, போட்டி நடைபெறும் தரையைப் போன்ற தரையிலேயே இருபது வெடிகளாவது சுட்டு, ஒவ்வொன்றுக்கும் பின் துப்பாக்கி எங்கே வந்து நிற்கிறது என்பதைத் தொலைநோக்கியின் வழியே கவனிக்க வேண்டும். குதித்துப் பக்கத்து இலக்குக்குத் தாவினால் அந்தத் தாங்கி வேண்டாம்.

கடைசியாகத் தராசு. போட்டியில் எடை பார்க்கும்போது தாங்கியைக் கழற்றி வைக்க இடமில்லை. முள் 8.25 கிலோவைத் தாண்டினால், பெரிய தோட்டாக்களும் கனத்த தாங்கிகளும் கொண்ட 'ஓபன்' பிரிவினரோடுதான் அவர் மோத நேரும். வீட்டுத் தராசில் இருபது முப்பது கிராம் இடைவெளி விட்டு நிறுத்துக்கொள்பவர்கள் அன்று காலை அமைதியாகத் தேநீர் அருந்துகிறார்கள். மற்றவர்கள் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.