எந்த ஊர்?

1985 ஜனவரியில், பள்ளி திறந்த முதல் வாரம், ஐந்தாம் வகுப்பில் தமிழாசிரியை கட்டுரைக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார்: ‘நான் சென்ற வெளிநாட்டுப் பயணம்’. வகுப்பில் ஒருத்தி ஹாங்காங் போய்வந்திருந்தாள். இன்னொருவன் பெர்த்தில் கங்காருவைத் தொட்டிருந்தான். நான் சிகாமட் தோட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். இரவு சாப்பாட்டு மேசையில் அப்பா அதை வாங்கிப் படித்தார். முதல் வரியில் ‘வெளிநாடு’ என்று இருந்ததைப் பென்சிலால் அடித்து, மேலே ‘ஊர்’ என்று எழுதிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார்.

நோட்டு திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றி ஆசிரியை சிவப்பு வட்டம் போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு கேள்வி: ‘எந்த ஊர்? இந்தியாவா?’

ஆசிரியையைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரில் எங்கள் பேச்சில் ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்றால் தமிழ்நாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் பொருள். அப்பாவுக்கோ ஊர் என்றால் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பட்டணத்துக்கு வெளியே, பால்மரங்களுக்கு, அதாவது ரப்பர் மரங்களுக்கு, நடுவே இருந்த ஒரு லயம். அவர் பிறந்தது அங்கேதான், 1938இல். இருபது வயதில் ரயிலேறிச் சிங்கப்பூருக்கு வந்து, செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது ஓர் அடையாள அட்டையும் ரயில் டிக்கெட்டும் கையில் இருந்தால் போதும். 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. 1967இல் ஜொகூர்ப் பாலத்தில் பாஸ்போர்ட் கேட்கத் தொடங்கினார்கள். வேலை பார்க்கப் பக்கத்துப் பட்டணத்துக்கு வந்த பிள்ளை, ஒன்பது வருடத்தில் அம்மாவைப் பார்க்க வெளிநாடு போகவேண்டியவனாகிவிட்டான்.

எங்கள் விடுமுறைகள் எல்லாமே தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் தொடங்கின. 1932இல் திறந்த கட்டடம். முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு பளிங்கு உருவங்கள் நிற்கும். உள்ளே, கழுத்தை அண்ணாந்து பார்க்க வைக்கும் மண்டபம். அதன் சுவர்களில் மலாயாவின் பிழைப்புகளைப் பெரிய பெரிய படங்களாகப் பதித்திருந்தார்கள்: நெல் நடவு, ஈயச் சுரங்கம், மாட்டுவண்டி, கப்பல், பால்மரம் வெட்டுதல். அந்த நிலையமும் அதிலிருந்து வடக்கே ஓடிய தண்டவாளமும் சிங்கப்பூருக்குள் இருந்தாலும் மலாயா ரயில்வேக்குச் சொந்தமானவை. அதனால்தானோ என்னவோ, வாசற்படியில் கால் வைத்ததும் அப்பா பெட்டியைக் கீழே இறக்கி, “வந்தாச்சு” என்பார். ரயில் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். நாங்கள் இன்னும் எங்குமே போயிருக்கமாட்டோம்.

பால்மரப் படத்தின் கீழே நின்று அவர் வருடம் தவறாமல் ஒன்றைச் சொல்வார். “இவ்வளவு வெளிச்சத்துல யாரு மரம் வெட்டுறா? வெயில் ஏறினா பால் நின்னுடும்.” எங்களுக்கு அது காதில் விழுந்தும் விழாத பேச்சு. அம்மா கட்டிவந்த புளிச்சோற்றை எப்போது பிரிப்பார் என்பதுதான் எனக்கும் தம்பிக்கும் பெரிய கேள்வி.

மூன்றாம் வகுப்புப் பெட்டி. சன்னல் கதவைத் தூக்கிவிட்டால் காற்றும் டீசல் வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். புக்கிட் தீமா காட்டைத் தாண்டி, உட்லண்ட்ஸ் தாண்டி, பாலம் வரும். பாலம் என்றால் தூண்கள் மேல் நிற்பது அல்ல. கடலில் கல்லைக் கொட்டி மேடாக்கி 1924இல் முடித்த பாதை, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ரயிலுக்குப் பக்கத்திலேயே கார்களும் லாரிகளும் வரும். ஜொகூரிலிருந்து எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய்களும் கூடவே ஓடும். மலேசியாவுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு பாஸ்போர்ட் அப்போது இருந்தது. எங்கள் நால்வரிடமும் அதுதான். உலகத்தில் ஒரே ஒரு நாட்டுக்குள் விடும் அந்தச் சின்னப் புத்தகம் போதும் என்று அப்பா நினைத்தார். வேறெங்கும் போகவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

குளுவாங்கில் ரயில் நின்றதும் அவர் குதித்து இறங்குவார். நிலையத்துக் காப்பிக்கடை 1938இல் தொடங்கியது. “எனக்கும் இந்தக் கடைக்கும் ஒரே வயசு” என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே, பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டிய காப்பியும் வாட்டிய பன்னும் வாங்கிக்கொண்டு, வண்டி நகரும்போது ஏறுவார். அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் உயிர் போய்த் திரும்பும். வீட்டில் அப்பா நிதானமான மனிதர். மின்தூக்கியில்கூட எல்லாரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நிற்பவர். அந்த நடைமேடையில் ஓடியவரை எனக்குச் சிங்கப்பூரில் தெரியாது.

சிகாமட்டில் மாமா டாக்சி பிடித்து வைத்துக் காத்திருப்பார். செம்மண் பாதையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் நிரை நிரையாக மரங்கள். லயத்தின் அஞ்சடியில் அப்பாயி உட்கார்ந்திருக்கும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பசியாறுனியா கண்ணு?”

தோட்டத்தில் நாங்கள் செய்ததையெல்லாம் எழுதினால் முடியாது. ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் அடுத்தவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவது ஒன்று போதும். அத்தை மகன் அதற்கென்றே நல்ல கொட்டைகளாகப் பொறுக்கி மீலோ டப்பாவில் சேர்த்து வைத்திருப்பான். மாரியம்மன் கோயில் திடல், மழை பெய்தால் தகரக் கூரையின் இரைச்சல், இருட்டியதும் தவளைச் சத்தம். பத்தாவது மாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சொர்க்கம்.

ஒரு நாள் பிடிவாதம் பிடித்து அத்தையோடு மரம் வெட்டப் போனேன். நாலரை மணிக்கே எழுப்பிவிட்டார்கள். பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அத்தை இருட்டுக்குள் நடந்தது. கொசு மொய்த்தது. பழைய வெட்டுக்கு அடியில் கத்தியை வைத்து, மரத்தைச் சுற்றிச் சாய்வாக ஒரே இழுப்பு. பென்சில் சீவலைப்போல மெல்லிய பட்டை சுருண்டு விழுந்தது. ஆழம் கூடினால் மரம் கெட்டுப்போகும், குறைந்தால் பால் வராது. கோட்டில் வெள்ளையாக ஊறி, வழிந்து, பால் சேரும் மங்கில் சொட்டத் தொடங்கும்போது அத்தை அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்துக்குப் பக்கமாக வெட்ட வேண்டும். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லை என்றால் கூலியும் இல்லை. நான் முப்பது மரம் பார்த்தேன். விடிந்ததும் கால் வலிக்கிறது என்று திரும்பிவந்து அப்பாயி மடியில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

அன்று மத்தியானம் எழுந்து பார்த்தபோது அத்தை மகள் இல்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவள். மங்கு துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் அம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தாள். பள்ளி விடுமுறை நாட்களில் அவள் செய்தது அதுதான். எனக்கு வந்த அதே டிசம்பர் விடுமுறை அவளுக்கும் வந்தது. அவள் வேலை முடித்து, புளித்த பால் வாடையோடு வந்து, குளித்துவிட்டு, என்னோடு விளையாட உட்கார்ந்தாள். நான் கொண்டுபோயிருந்த வண்ணப் பென்சில்களில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டுதான் கொடுத்தேன். நாற்பது வருடமாக அது என் நினைவில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஏன் எப்போதும் நாமே போகிறோம், அப்பாயி ஏன் ஒரு தடவைகூடச் சிங்கப்பூர் வரக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். அப்பாயி தன் சுருக்குப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டியது. சிவப்பு அட்டை. மலேசியாவில் குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. நாமக்கல் பக்கத்திலிருந்து எட்டு வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்த பிள்ளைக்குக் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை. குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்ன காலத்தில் அதை யார் எடுத்துச் சொன்னார்களோ, யார் கேட்டார்களோ. அறுபது வருடம் அந்த மண்ணில் பால் எடுத்த பிறகும் அட்டை சிவப்பாகவே இருந்தது. பாஸ்போர்ட் கிடையாது. 1959இல் மகனைப் பார்க்க ஒருமுறை ரயிலில் வந்து போனதாம். “அந்த ரயில் இன்னும் ஓடுதில்ல கண்ணு?” என்று என்னிடம் கேட்டது. அதில்தான் வந்தோம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டது.

நாங்கள் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்பாயியால் வரமுடியாததால்தான் போய்க்கொண்டிருந்தோம்.

புறப்படும் நாளில் அப்பா ஒரு உறையை அப்பாயி தலையணைக்கு அடியில் வைப்பார். சிங்கப்பூர்க் காசுக்கும் மலேசியக் காசுக்கும் தமிழில் ஒரே பெயர், வெள்ளி. 1973 வரை மதிப்பும் ஒன்றுதான். இங்கத்து நோட்டு அங்கேயும் செல்லுபடியானது. என் சிறுவயதில் நூறு வெள்ளிக்கு அங்கே நூற்றுக்குச் சற்று மேல் கிடைத்தது. இன்று ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். வருடத்துக்கு வருடம் அந்த உறை அங்கே பெரிதாகிக்கொண்டே போனது. அப்பாவுக்கு அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. எண்ணும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரே ஒருமுறை, 1987இல், அம்மாவின் ஆசைக்காகக் கேமரன் மலைக்குப் போனோம். அதுதான் மற்றவர்கள் சொல்லும் வகையான விடுமுறை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை, தம்பியின் வாந்தி, ஸ்வெட்டர், ஸ்ட்ராபெரி. தேயிலைத் தோட்டத்தில் வண்டி நின்றது. சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் கேமராவைத் தூக்கினார்கள். அம்மாவும் எங்களை அந்தப் பெண்களுக்கு முன்னால் நிறுத்தி, அப்பாவிடம் கேமராவை நீட்டினார். அப்பா வாங்கவில்லை. சரிவில் இறங்கிப் போய், அவர்களிடம் தமிழில் பேச ஆரம்பித்தார். எத்தனை கிலோ, எவ்வளவு கூலி, பிள்ளைகள் எங்கே படிக்கின்றன. அரை மணி நேரம். பஸ் ஓட்டுநர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். எங்கள் ஆல்பத்தில் கேமரன் மலையின் பூக்கள் உண்டு, சந்தை உண்டு, மூடுபனி உண்டு. தேயிலை மட்டும் கிடையாது.

1991இல் ஒரு விடிகாலை மாமாவிடமிருந்து தொலைபேசி. அப்பாயி போய்விட்டது. அப்பா கட்டியிருந்த வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார், பிரித்தார், அப்படியே நின்றார். காலாவதியாகி நான்கு நாள் ஆகியிருந்தது. வேறு யாருடைய தவறும் இல்லை, அவர்தான் தேதியைப் பார்க்க மறந்திருந்தார். ஊருக்குப் போகத் தேதி பார்க்க வேண்டும் என்பது அவர் மனதில் எப்போதுமே பதிந்ததில்லை. இருந்தாலும் உட்லண்ட்ஸ் வரை போனார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். திரும்பி வந்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். தெற்கு பார்த்த வீடு எங்களுடையது. அவர் நாற்காலியை வடக்கே திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புதுப் பாஸ்போர்ட் வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள். கொள்ளி வைத்தது மாமா.

அதற்குப் பிறகும் போனோம். ஆனால் அப்பா குளுவாங்கில் இறங்கவில்லை.

தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். அதற்கு இரண்டு வாரம் முன்னால், எழுபத்து மூன்று வயது அப்பாவையும் என் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு நான் அங்கே ரயிலேறினேன். மண்டபம் முழுக்கக் கேமராக்கள். பால்மரப் படத்தின் கீழே நிற்க இடம் கிடைக்கவில்லை. அப்பா கூட்டத்துக்கு மேலாக அதை எட்டிப் பார்த்துவிட்டு, என் மகளிடம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

குளுவாங் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவரே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, மூன்று பை காப்பியோடு வந்தார்.

சிகாமட் நிலையத்தில் அத்தையின் பேரன் காரோடு வந்திருந்தான். கோலாலம்பூரில் படிக்கிற பையன், நல்ல மரியாதை. தோட்டம் துண்டாடப்பட்டுப் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அத்தை அப்போது பட்டண ஓரத்துத் தாமான் குடியிருப்பில் இருந்தது. பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டே பையன் கேட்டான்: “தாத்தா, மலேசியாவுக்கு இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?”

அப்பா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை முழுசாக இறக்கினார்.

“பழைய ரோட்டுல போ தம்பி” என்றார். “நான் வழி சொல்றேன்.”