எதற்குத் தகுதி?

தசரா நெருங்கும் நாட்களில் மைசூருவில் 'ஜோடி கட்டுதல்' நடைபெறும். நகரின் பழைய மொஹல்லாக்களிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் உள்ள கரடி மனைகளிலிருந்து மல்லர்கள் தேவராஜ அரஸ் விளையாட்டரங்கில் கூடுவர். வயது, எடை, பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து, யாருக்கு யார் இணை என்று பெரியவர்கள் முடிவு செய்வர். (கரடி இங்கே விலங்கன்று. கன்னடத்தில் மல்லர் பயிலும் கூடத்துக்குக் 'கரடி மனெ' என்று பெயர். துளுநாட்டில் கோட்டி, சென்னயர் ஆகிய இரட்டை வீரர்களின் வழிபாட்டிடங்களும் கரடி என்றே வழங்குகின்றன.) எந்த விளையாட்டுக்கு உச்சமான உடற்தகுதி வேண்டும் என்ற வினாவை எழுப்புவோர் இந்த இணைசேர்ப்பை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அவ்வினாவுக்கு ஆயத்த விடைகள் உண்டு. 2004-இல் ஈ.எஸ்.பி.என். நிறுவனம் வல்லுநர் குழு ஒன்றைக் கொண்டு 60 விளையாட்டுகளைத் தரவரிசைப்படுத்தியது. தாங்குதிறன், வலிமை, வேகம், நெகிழ்வு, மனத்துணிவு முதலிய 10 கூறுகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினர். குத்துச்சண்டை முதலிடம் பெற்றது, பனி ஹாக்கி இரண்டாமிடம், மல்யுத்தம் ஐந்தாமிடம், மீன்பிடித்தல் கடைசி. குழு அளந்தது விளையாட்டின் கடினத்தை. பின்வந்தோர் அதையே உடற்தகுதிப் பட்டியலாகப் படித்துக்கொண்டனர். பத்துக் கூறுகளுக்கும் ஒரே எடை ஏன் என்பதையும் எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. உடலியலாரிடம் கேட்டாலோ உச்ச ஆக்சிஜன் நுகர்வைச் சுட்டுவர். நலமான இளைஞர் ஒருவர் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 40 முதல் 45 மில்லிலிட்டர் வரை ஆக்சிஜனைப் பயன்படுத்துவார். நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களில் தலைசிறந்தோர் 80-ஐத் தாண்டுவர். நார்வேயின் பியோர்ன் டேலிக்கு 96 என்று பதிவாகியுள்ளது. இந்த அளவுகோலை எடுத்த கணமே குத்துச்சண்டை பின்னுக்குப் போய்விடுகிறது.

சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. 'உடற்தகுதி' அண்மைக்கால ஆக்கம். புணர்ச்சி விதிப்படி 'உடற்றகுதி' என்றிருக்க வேண்டும். அப்படி எழுதினால் இன்று படிப்பவர் தடுமாறுவர், ஆகவே வழக்கே வென்றது. புணர்ச்சியைவிட முக்கியமானது வேற்றுமை. தகுதி என்ற பெயர் நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்பது: பணிக்குத் தகுதி, தேர்வுக்குத் தகுதி. வலிமைக்கு அந்தத் தேவை இல்லை. வலிமை தனித்து நிற்கும். 'உயர்ந்த உடற்தகுதி' என்று மட்டும் சொல்லும்போது அந்தக் 'கு' உருபு விழுந்துவிடுகிறது. எதற்கு என்பது மறைந்து, உடல்கள் அனைத்தும் ஒரே ஏணியில் நிற்பதுபோன்ற தோற்றம் எழுகிறது.

மைசூரு அந்த 'எதற்கு' என்பதைக் கண்முன் காட்டும் ஊர். தசராவில் இருவகைக் குஸ்தி உண்டு. நாட்டுக் குஸ்தி செம்மண்ணில் நடப்பது. புள்ளிக் கணக்குக் கிடையாது. எதிராளியின் முதுகை மண்ணில் பதிக்க வேண்டும், அவ்வளவே. மண் காலை இழுக்கும், வியர்வை பிடியை நழுவச் செய்யும், ஆட்டம் நீளும். எதிராளியின் மேல் தன் பாரத்தைச் சாய்த்து, அவன் மூச்சு தளரும்வரை காத்திருப்பவனுக்கே அது வாய்க்கும். மெத்தைக் குஸ்தியில் மூன்று மூன்று நிமிடமாக இரு சுற்றுகள், நடுவே 30 நொடி ஓய்வு. வட்டத்துக்கு வெளியே தள்ளினாலும் ஒரு புள்ளி. காத்திருப்பது அங்கே குற்றம். முனைப்பின்றி நிற்பவரை நடுவர் எச்சரிப்பார். மண்ணில் பொறுமையாக இருந்தது மெத்தையில் செயலின்மையாகிவிடுகிறது. பெயர் ஒன்று, உடல் இரண்டு.

ஒரே இருவர் ஒரே விளையாட்டில் இருவேறு தகுதிகளைக் காட்டியதும் உண்டு. 1910-இல் இலண்டனில் காமா பயில்வானும் போலந்தின் ஸ்பிஸ்கோவும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மோதியும் முடிவு கிட்டவில்லை. ஸ்பிஸ்கோ பெரும்பொழுதைத் தரையோடு படிந்தே கழித்தார். 1928-இல் பாட்டியாலாவில் அவ்விருவரும் மீண்டும் மோதினர். ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். முன்னதற்கு வேண்டிய தாங்குதிறனும் பின்னதற்கு வேண்டிய வெடிப்பும் ஒரே மதிப்பெண்ணுக்குள் எவ்வாறு அடங்கும்?

விஜயதசமியன்று அரண்மனை முற்றத்தில் நடக்கும் வஜ்ரமுஷ்டிக் காளகம் இன்னும் விசித்திரமானது. தலையை மழித்த ஜெட்டிகள் விரல்களில் கூர்முனைக் கருவி அணிந்து மோதுவர். எதிராளியின் தலையில் முதல் துளி இரத்தம் தெரிந்ததும் ஆட்டம் முடியும். பல வேளைகளில் சில நொடிகள்தாம். நெடுநாள் பயிற்சி அந்தச் சில நொடிகளுக்காக. எந்தத் தரவரிசையிலும் அதற்கு இடமில்லை.

'எதற்கு' என்பதை மறந்தால் நேர்வது வெறும் சொற்குழப்பம் அன்று. 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்கில், வினேஷ் போகட் ஒரே நாளில் மூன்று போட்டிகளில் வென்று 50 கிலோ பிரிவின் இறுதிச் சுற்றை எட்டினார். அவரிடம் தோற்றவர்களுள் நடப்பு ஒலிம்பிக் சாம்பியன் யுய் சுசாகியும் ஒருவர். இரவெல்லாம் எடை குறைக்கும் முயற்சி நடந்தது, முடியைக்கூட வெட்டினர். மறுநாள் காலை தராசு 100 கிராம் கூடுதலாகக் காட்டியது. தமிழ் நாளேடுகள் இட்ட சொல் 'தகுதி நீக்கம்'. முந்தைய மாலை உலகின் தலைசிறந்த உடல்களுள் ஒன்று, மறுநாள் காலை தகுதியற்றது. இடையில் மாறியது உடல் அன்று, உடலில் இருந்த நீர். தராசுக்குத் தகுந்த உடலும் களத்துக்குத் தகுந்த உடலும் ஒன்றையொன்று தின்கின்றன என்பது எடைப்பிரிவு விளையாட்டுகள் அனைத்திலும் உள்ளதுதான். 1997-இன் இறுதியில், சில வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்த பின்னரே அங்கு விதிகள் கடுமையாயின.

கரடி மனை இளைஞனுக்கு இந்த வேறுபாடு ஏட்டுக் கல்வியன்று. ஊர்த் திருவிழாக்களில் அவனுக்குப் பெயர் தருவது மண். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான விண்ணப்பத்தில் செல்லுபடியாவது மெத்தைப் போட்டிச் சான்றிதழ். மண்ணில் கழுத்தையும் தொடையையும் பெருக்கியவன் மெத்தைக்காக எடைப்பிரிவுக்குள் சுருங்க வேண்டும். சுருங்கியவனை அடுத்த ஆண்டு ஜோடி கட்டும் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, சிறிய இணையோடு நிறுத்துவர்.