அவளை யாரிடம் கொடுப்பது?

மிசௌரியின் ஓசார்க் மலைப்பாதைகளில் என்னைச் சுமந்த ஃபாக்ஸ் டிராட்டர் பெட்டைக் குதிரையை விற்கப் போகிறேன். என் இடுப்பு இனிச் சவாரிக்கு இடம் கொடுக்காது.

இந்த இனத்தின் நடையே தனி. இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஜோடியாக நகரும். ஆனால் முன்னங்கால் ஒரு கணம் முந்தித் தரை தொடும். எந்நேரமும் ஒரு காலாவது மண்ணில் இருக்கும். அதனால்தான் சேணத்தில் குலுக்கல் தெரியாது. கரடுமுரடான மலையில் நெடுந்தூரம் போக வேண்டியிருந்த குடியேறிகள் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த இனம். 2002இல் மாநிலக் குதிரையாகவே அறிவித்தார்கள்.

ஓடை குறுக்கிட்டாலும் மான் பாய்ந்தாலும் மிரளமாட்டாள். வருகிறவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஏறுமுன் அவள் கழுத்தைத் தடவிக்கொடுப்பவருக்கே, விலை குறைந்தாலும், கொடுப்பேன்.