நகத்தில் தட்டிய விளிம்பு

எங்கள் பொட்டிப்புரத்தில் விடிகாலை நாலரை மணிக்கே ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள். கையில் தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். இருபத்தெட்டு வருஷம் நானும் அப்படி ஒரு வண்டி ஓட்டியவன். இப்போது திண்ணையோடு சரி. ஆனாலும் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே எதற்கு டாப்பட் இடைவெளி கூடியிருக்கிறது, எதற்கு நாசில் ஒழுகுகிறது என்று காது தானாகக் கண்டுபிடித்துவிடும்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். அவன் அப்பா விட்டுப்போன பழைய டீசல் ஜீப் வாசலில் நிற்கிறது. "தாத்தா, வண்டி ஆயில் குடிக்குது. நீலப்புகையா வருது. ரிங்கை மட்டும் மாத்துனாப் போதுமா, இல்ல வண்டியவே தள்ளிவிட்ரவா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து.

என்னுடையது மகிந்திரா எம்.எம். 540. மேலே இருக்கிற பெயர் மகிந்திரா என்றாலும் உள்ளே இருந்த இன்ஜின் பிரான்ஸ் நாட்டுப் பியூஜோவின் வடிவமைப்பு, எக்ஸ்.டி.பி. 4.90. சிலிண்டர் விட்டம் 90 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மி.மீ., நாலு சிலிண்டரும் சேர்ந்து 2112 சி.சி. பட்டறையில் 'பிஜோ இன்ஜின்' என்றால்தான் தெரியும். பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக ரோடு போட்டால் தோட்டங்கள் பக்கம் என்று எங்கள் பகுதி ஜனங்கள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது இல்லாததால் போடியைச் சுற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் போகவேண்டும். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முனகிக்கொண்டே ஏறுகிற ஏற்றம் அது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் உண்டு. அது தப்பு. அதற்கு நான் நியாயம் சொல்லமாட்டேன்.

வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து குப்குப்பென்று புகை அடித்தது. எரிகிற காற்று பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கையில் காசு குறைவு. புது ரிங் செட் மட்டும் வாங்கி, சிலிண்டரின் உள்சுவரான பழைய லைனரிலேயே போட்டு மூடச் சொல்லிவிட்டேன். நாலு நாளில் வேலை முடிந்தது. புகை நின்றது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் காலை மெட்டில் பாதி ஏறும்போது டக்டக்கென்று புதுச் சத்தம் வந்தது. பிறகு இழுவை போயிற்று. வண்டியில் இருந்த பெண்கள் இறங்கி ரோட்டோரத்தில் நின்றார்கள். பின்னால் வந்த வண்டிகளில் இடமில்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. ஒரு மதினி மட்டும் என்னிடம் வந்து, "விடுங்க தம்பி, இரும்புதான, அதுக்கும் முடியாமத்தான வரும்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போடியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கட்டி இழுத்துப் போனேன். ஹெட்டை இறக்கினார். நாலாவது சிலிண்டரின் மேல் ரிங் மூன்று துண்டாக உடைந்து, லைனரில் கோடு கோடாகக் கீறியிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரல் நகத்தை இரண்டாவது சிலிண்டரின் உள்சுவரில் வைத்து, கீழிருந்து மேலாக இழுத்தார். வழவழவென்று வந்த நகம், வாயிலிருந்து ஒரு விரல்கடை கீழே சட்டென்று தட்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பு. "இதுலதாம்ப்பா புது ரிங்கு போயி முட்டுச்சு" என்றார்.

பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில்தான் லைனர் அதிகமாகத் தேயும். அங்கே அழுத்தமும் சூடும் கூடுதல், எண்ணெய்ப் படலமோ மெலிசு. அதற்கு மேலே ரிங் எட்டாத இடம் தேயாமல் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் படிபோல ஒரு விளிம்பு உண்டாகிவிடும். பழைய ரிங் அந்தப் படியோடு சேர்ந்தே தேய்ந்து பழகியது. புது ரிங்கின் ஓரம் கூர்மையானது, நேரே போய் மோதி உடையும். டயல் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, தீப்பெட்டி அட்டையில் எழுதினார். மேலே கால் மில்லிமீட்டருக்கும் அதிகமாகத் தேய்ந்திருந்தது.

கால் மில்லிமீட்டரில் என்ன போய்விடும் என்று தோன்றலாம். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றைய டீசல் வண்டி வரை சூத்திரம் ஒன்றே. காற்றை இறுக்கமாக அமுக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டிபோலப் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் இல்லை. காற்று கசிந்தால் சூடு இல்லை, சூடு இல்லையென்றால் நெருப்பும் இல்லை. அதனால்தான் தேய்ந்த டீசல் இன்ஜின் குளிர்ந்த விடியலில் வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு, ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரியைத் தின்னும்.

அளந்து முடித்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. "ஏர் கிளீனரை எப்பக் கழட்டுன?" என்றார். எனக்கு நினைவில்லை. அவரே கழற்றினார். எண்ணெய் நிற்க வேண்டிய கிண்ணத்தில் செம்மண் சேறு அடை அடையாக இருந்தது.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். நியூட்ரினோ ஆய்வகப் பேச்சு எழுந்தபோது பொட்டிப்புரத்தின் பெயரைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு இது அம்பரப்பர் மலையடிவாரத்தில் காற்று அடிக்கிற ஊர். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக இறங்குகிற காற்று, காய்ந்த காட்டு மண்ணை வாரிக்கொண்டு வரும். சோற்றுப் பானைக்கு மூடி போடாமல் வைக்க முடியாது. அந்தக் காற்றைத்தான் இன்ஜினும் மூச்சாக இழுக்கிறது. சேறு நிறைந்த கிண்ணம் மண்ணைப் பிடிக்காமல் உள்ளே விட்டிருக்கிறது. ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே அந்த மண் உப்புத்தாள்போல வேலை செய்திருக்கிறது. நான் குறை சொல்லிக்கொண்டிருந்ததோ ரிங்கை.

அவர் செய்த வேலையை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். நாலு சிலிண்டருக்கும் புது லைனர், பிஸ்டன். ஒவ்வொரு ரிங்கையும் அதனதன் லைனருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக நிறுத்தி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தார். நாலு நாசிலையும் டெஸ்டரில் மாட்டி அடித்துப் பார்த்ததில் இரண்டு பனிபோலத் தூவின, இரண்டு சொட்டின. சொட்டியதை மட்டும் மாற்றினார். சொட்டுகிற நாசில் பிஸ்டன் தலையையே ஓட்டை போட்டுவிடும் என்றார்.

கிராங்கை அளந்தபோது, கடைந்து பத்து சைஸ் பேரிங் போடவேண்டிவரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். "நல்லாத்தான் இருக்கு. எதுக்குக் கடையிற?" என்று பழைய சைஸ் பேரிங்கையே புதிதாகப் போட்டார். டீசல் பம்பைத் தொடவே இல்லை. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் முறுக்கினார். நான் ரிங்குக்குச் செலவழித்ததைப்போலப் பல மடங்கு ஆனது. ஆனால் அதன் பிறகு எட்டு வருஷம் ஹெட்டை இறக்கவில்லை.

அந்த வாரம் வீட்டிலும் ஒரு காரியம் நடந்தது. என் தம்பிக்கும் எனக்கும் கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு. இரண்டு தடவை ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து உனக்கு இத்தனை மணி, எனக்கு இத்தனை மணி என்று பேசி முடித்தார்கள். இரண்டு தடவையும் சில மாதத்தில் உடைந்தது. பட்டறையிலிருந்து வந்த அன்று ராத்திரி அவன் வீட்டுக்குப் போய், "தண்ணியை விடுறா. ஒனக்கு எம்மேல என்ன வருத்தம்?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கையில மாட்டை வித்தீல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?" என்றான். வைத்தியச் செலவுக்குத்தான் விற்றேன். ஆனால் அந்த மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்தவன் அவன். கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. அதை ஒப்புக்கொண்டேன். தண்ணீரைப் பற்றி அன்றைக்குப் பேசவே இல்லை. அடுத்த மாதம் அவனாகவே என் பக்கம் மடையைத் திருப்பிவிட்டிருந்தான்.

எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிளாக்கில் வெடிப்பு விழுந்தாலோ, கிராங்கை இனிக் கடைய வழியில்லை என்கிற கடைசி சைஸுக்கு வந்துவிட்டாலோ, சேசிஸ் துருப்பிடித்து இற்றிருந்தாலோ விட்டுவிடவேண்டும். 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்றதே, அந்த ஊர்க் காற்றை நினைத்தால் அதன் கவலை புரிகிறது. கரும்புகை விட்டுக்கொண்டு மலை ஏறுகிற வண்டியைக் கண்டால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. பின்னால் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதைக் குடிக்கிறார்கள்.

அந்தப் பையனிடம் ரிங்கும் வாங்காதே, விற்கவும் செய்யாதே, முதலில் ஹெட்டை இறக்கி லைனரை அளக்கச் சொல் என்றேன். அளந்தான். அவன் வண்டியில் லைனர் நன்றாகத்தான் இருந்தது. வால்வு சீல்கள்தான் காய்ந்து வெடித்து, அந்த வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. சில நூறு ரூபாயோடு போயிற்று.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சாமானும் வாங்குமுன் அளந்து எழுதிய கணக்கை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்துக்காரர்களாக இருந்தால், ஆனி பிறந்ததும் ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள்.