வசதி உள்ளவனுக்கு எதுக்கு அரிசி?

எங்கள் அலுவலகத்தில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். பட்ஜெட், தேர்தல், பொங்கல் பரிசு, ஏதாவது ஒன்று போதும். நாலு மணி டீக்குக் கீழே இறங்கும்போது யாராவது ஆரம்பிப்பார்கள். "ப்ரோ, கார் வெச்சிருக்கவனுக்கும் ரேஷன் அரிசி. இதுல என்ன லாஜிக்? ஆதார் இருக்கு, பான் இருக்கு, எல்லா டேட்டாவும் இருக்கு. ஒரு கண்டிஷன் போட்டா முடிஞ்சது. உண்மையான ஏழைக்கு மட்டும் போகும்."

கேட்கிறவன் கெட்டவன் இல்லை. நல்ல இன்ஜினியர். வீணாவதைப் பார்த்தால் அவனுக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான்.

எங்கள் டீமின் வேலையும் இதே மாதிரிதான். கார்டில் பணம் கட்டும்போது அது உரியவர்தானா, திருடனா என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்யும் மென்பொருளை எழுதுகிறோம். அதில் இரண்டு வகைத் தப்பு வரும். திருடனை உள்ளே விடுவது ஒன்று, உரியவரை வெளியே நிறுத்துவது இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்க முடியாது. கதவை இறுக்கினால் திருடன் குறைவான், நல்லவர்களும் கூடவே மாட்டுவார்கள். எத்தனை பேர் மாட்டினால் பரவாயில்லை என்று ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து எண்ணை முடிவு செய்வோம். எங்கள் வேலையில் அது பெரிய பாவம் இல்லை. மாட்டியவர் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கத்துவார். அந்தச் சத்தம்தான் எங்களுக்குத் தகவல். அரிசி மறுக்கப்பட்ட ஒரு கிழவி யாருக்குப் போன் செய்வார்?

பசித்தவரைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. 1876-78 பஞ்சத்தை, நம் ஊர்க் கிழவிகளின் வாய்வழியாக இறங்கி வந்த 'தாது வருஷப் பஞ்சம்' என்ற பெயரில், பலரும் கேள்விப்பட்டிருப்போம். அப்போது கல்கத்தாவிலிருந்து மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் 1874-ல் வங்காளம், பீகார் பக்கம் வந்த பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவைப் பெருமளவு தடுத்தவர். அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ஊதாரி என்ற ஏச்சு. அந்த வடு ஆறுவதற்குள் மெட்ராஸுக்கு வந்தார். இந்த முறை சிக்கனத்தில் பேர் வாங்க வேண்டும். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், கூட ஓர் அணா காசு என்று கூலியைக் குறைத்தார். நாள் முழுக்கக் கல் உடைப்பவருக்கு இது. அத்தோடு ஒரு தூரச் சோதனையும் உண்டு. வேலை நடக்கும் இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஊரைவிட்டு நடந்து போகிற அளவுக்கு ஒருவருக்குப் பசித்தால்தான் அது நிஜமான பசி! மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற டாக்டர் இந்தக் கூலி உயிர் வாழப் போதாது என்று சண்டை போட்டார். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். வசதி உள்ளவனுக்குப் போய்விடக் கூடாது என்று அன்றைக்கும் ஒருவர் கண்டிஷன் எழுதியிருக்கிறார்.

அந்தப் பஞ்சம் நடந்த மண்ணில் அரசு சோறு போட ஆரம்பித்த கதை நம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1920-ல் தியாகராயச் செட்டியார் காலத்து சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி கொடுத்தது. 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். கல்வித் துறையில் நெ.து. சுந்தரவடிவேலு அதற்குப் பின்னால் நின்றார். முதலில் ஊர் ஊராக நன்கொடை திரட்டித்தான் உலை வைத்தார்கள். பிறகு 1960-களில் 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பின் பால் பவுடர், கோதுமை ரவை எல்லாம் வந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது, கஜானா காலியாகும், பள்ளிக்கூடம் சத்திரமாகிவிடும் என்று படித்தவர்கள் எழுதினார்கள். 1989-ல் கலைஞர் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுத்தார். 2010-ல் அது பள்ளி நடக்கும் ஐந்து நாளும் என்று ஆனது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த சோறு போட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, இங்கே பிள்ளைகள் தட்டுக் கழுவி முடித்திருந்தார்கள்.

என் ஆச்சிக்கு ஊர் கோவில்பட்டி பக்கம். எட்டயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். "அந்தக் கோதும சோறு பிசுபிசுன்னு இருக்கும்யா, இருந்தாலும் சூடா இருக்கும்" என்பார். அவர் தின்றதில்லை. தம்பிமார் தின்றார்கள். ஆச்சி அப்போதே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆச்சி தெருவெல்லாம், "எம் பேரனும் ஆபீஸ்லதாம் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மற்ற திட்டங்களுக்குத் திறப்பு விழா உண்டு, புகைப்படம் உண்டு. பசி விஷயத்தில் இந்த மாநிலம் எடுத்த மிக முக்கியமான முடிவு என்று நான் நினைப்பதற்கு இரண்டுமே கிடையாது. 1997 ஜூனில் ஒன்றிய அரசு ரேஷனை மாற்றியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரித்து, கீழே இருப்பவர்களுக்கு மட்டும் குறைந்த விலையில் தானியம் என்றது. எல்லா மாநிலங்களும் கணக்கெடுக்கக் கிளம்பின. தமிழ்நாடு அந்தக் கோட்டை ரேஷன் கடைக்குள் விடவில்லை. டெல்லியிலிருந்து வருவது எவ்வளவானாலும் சரி, கடையில் எல்லோருக்கும் ஒரே விலை, மீதிச் செலவு மாநிலத்தினுடையது என்று நின்றது. ஆட்சி மாறி மாறி வந்தும் இதை யாரும் நிரந்தரமாக மாற்றவில்லை. ஒரே ஒருமுறை, 2004-க்கு முன்னால், வருமானம் கூடியவர்களின் அட்டையில் 'ஹெச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் ஆளுங்கட்சியின் கையைவிட்டுப் போயின. சில நாட்களிலேயே ஜெயலலிதா அந்த முத்திரையை எடுத்துவிட்டார். தோற்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் எடுத்த பட்டியலில் இது இருந்தது.

2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் இதே கதைதான். அந்தச் சட்டத்தின் கணக்கில் தமிழ்நாட்டின் ஊரகத்தில் 62.55 சதவீதம் பேருக்கும் நகரத்தில் 37.79 சதவீதம் பேருக்கும்தான் ஒன்றிய அரசின் ஒதுக்கீடு. மாநிலம் 2016 நவம்பரில்தான் அதற்குள் போனது. போன பிறகும் மிச்சமுள்ள அரிசி அட்டைக்காரர்களுக்குத் தன் பணத்தில் கொடுக்கிறது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் 2007-லிருந்து மலிவு விலையில்.

ப்ரோவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். எல்லோருக்கும் கொடுத்தால் காசு வீணாகும், சரி. ஆனால் கடையில் நிற்கிற வரிசையைப் பார். ஒரு மணி நேரம் நின்று, எடை போடுகிறவரிடம் முணுமுணுத்து, சாக்கைத் தூக்கிக்கொண்டு போக வசதியுள்ளவனுக்குப் பொறுமை கிடையாது. தானாகவே விலகிவிடுவான். சர்க்கரை அட்டை போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, எந்தப் பொருளும் வேண்டாம் என்ற அட்டையும் உண்டு. இன்னொன்று, வரிசையில் ஒரு வாத்தியார் வீட்டுக்கார அம்மாவும் நிற்பதால்தான் கடை ஒழுங்காகத் திறக்கிறது. அரிசியில் வண்டு இருந்தால் அந்த அம்மா தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதும். என் ஆச்சி எழுத மாட்டார். ஏழைக்கு மட்டும் என்று ஒரு கடை வைத்தால் அதற்காகச் சண்டை போட யார் இருப்பார்கள்? பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரேஸும் அமர்த்தியா சென்னும் தமிழ்நாட்டைச் சிலாகித்து எழுதியதில் இந்த வாதமும் ஒன்று. எங்கள் தெரு பெண்களுக்கு அதைப் படிக்காமலே தெரியும்.

ஓட்டை இல்லை என்று நான் சொல்லவில்லை. ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாகக் கேரளாவுக்குப் போகிறது, பிடிபட்ட செய்தி வாரா வாரம் வருகிறது. கோழித் தீவனமாகவும் ஆகிறது. மாவு மில்லில் அரைபட்டு இட்லியாகி ஓட்டலுக்கும் போகிறது. சில மாதம் அரிசியின் வாடையைச் சொல்லி மாளாது. இதெல்லாம் திருட்டு, பிடிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் திருட்டில் பெரும்பகுதி கிடங்கிலும் லாரியிலும் நடக்கிறது. அதைச் சரிசெய்யக் கருவி வாங்கி அட்டைக்காரரின் முன்னால் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வைத்துவிட்டார்கள். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு கைரேகை வந்தது. ஆச்சி தனியாக இருப்பவர், ஒற்றை ஆள் அட்டை. நாற்பது வருஷம் கட்டை அடுக்கிய விரல்கள். சட்டத்தில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் சொருகும் வேலை அது, அதைத்தான் கட்டை அடுக்குதல் என்போம். பிற்பாடு பசையில் கைவைத்துப் பெட்டி ஒட்டினார். பெருவிரலைத் தடவினால் கண்ணாடி மாதிரி வழவழ என்று இருக்கும்.

முதல் தடவை நான் ஊரில் இல்லை. போனில்தான் சொன்னார்.

"ரேக விழ மாட்டேங்குய்யா."

"வேற விரல வெச்சுப் பாத்தீங்களா ஆச்சி?"

"பத்தையும் வெச்சாச்சு. அந்தப் பையனும் ஈரத்துணியக் குடுத்துத் தொடச்சுத் தொடச்சுப் பாக்கான். பொறத்த நிக்கவ, கெழவி கையில சீவன் இல்லயோங்கா. சிரிக்காளுவ."

அன்றைக்கு ஆச்சி வெறும் பையோடு திரும்பினார். மறுநாள் சர்வர் இல்லை. மூன்றாவது தடவை பில் போடுகிற தம்பி, அட்டையை மட்டும் ஸ்கேன் செய்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டுவிட்டார். ரேகை விழாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் விதி, அதை அந்தத் தம்பி மூன்றாவது நாள் ஞாபகம் வைத்திருந்தார். ஆச்சிக்கு அரிசியைவிட அந்தச் சிரிப்புதான் நெஞ்சில் நின்றது. "நாந்தான்னு நானே சொல்லுதேன், பெறவு என்ன?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு விளக்குகிற அளவுக்கு என் துறையில் எனக்கு வார்த்தை இல்லை.

ஆச்சிக்கு நான் இருந்தேன், அம்மா இருந்தார், அந்தத் தம்பியும் இருந்தார். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு பதினோரு வயதுச் சிறுமி செத்துப்போனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டையை ரத்து செய்திருந்தார்கள், பல மாதம் தானியம் இல்லை, சோறு கேட்டுக்கொண்டே செத்தாள் என்று தாய் சொன்னார். மலேரியா என்றது அரசுத் தரப்பு. எங்கள் ஆபீஸ் மொழியில் அந்தச் சிறுமிக்கு ஒரு பெயர் உண்டு: எட்ஜ் கேஸ். விளிம்பில் வரும் அபூர்வமான நிகழ்வு, அடுத்த ரிலீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் சொல்வோம்.

இங்கே பிறகு கண் கருவிழிக் கருவியும் வந்தது. 2025 ஆகஸ்டில் 'தாயுமானவர்' என்று பெயர் வைத்து 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். வண்டி வந்தது என்று ஆச்சி சொன்னார். "வாசல்லயே எட போட்டுக் குடுத்தான்யா" என்றார், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தது மாதிரி ஒரு குரலில்.

சோறு எல்லோருக்கும் என்று அரசு சொன்னாலும் ஊர் சும்மா இருக்காது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில், 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அடுத்த மாதமே எட்டயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை என்று செய்தி. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராஜர் உலை வைத்த அதே வட்டாரம். ஊர்ப் பேச்சு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் வந்தது. 'அவங்கவங்க இஷ்டம்' என்று ஒரு மாமா எழுதினார். நான் பதில் எழுதினேன், குழு இரண்டு நாள் மௌனமாக இருந்தது. உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் சாதிச் சான்றிதழ் கேட்கிறவர்களைவிட கார்க்காரன் அரிசி வாங்குவது எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை.

அட்டையே இல்லாதவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் வாசலில் மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழுப்புகிற ஒடிசா, பீகார் பையன்கள். சட்டப்படி அவர்கள் சொந்த ஊர் அட்டையைக் காட்டி இங்கே தானியம் வாங்கலாம். அட்டை ஊரில் அம்மாவிடம் இருக்கிறது. அந்த அரிசியை இங்கே வாங்கினால் அங்கே அம்மாவுக்குக் குறையும். தகரக் கொட்டகையில் பொங்கித் தின்ன நேரமும் இல்லை.

அவர்களை நான் காலையில் அம்மா உணவகத்தில் பார்க்கிறேன். 2013 பிப்ரவரியில் சென்னையில் ஆரம்பித்தது. இட்லி 1 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது, மின்விசிறி ஒன்று ஓடவில்லை. கண்ணாடி போட்ட ஓர் அக்கா டோக்கன் கொடுப்பார். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பையன் பத்து ரூபாயை நீட்டினான். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தஸ்ஸா?"

அவன் தலையை ஆட்டினான். டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சாம்பார் அந்தப் பக்கம் தம்பி, தட்டக் கழுவி வெச்சிரு" என்று தமிழிலேயே சொன்னார். அவனுக்குப் புரிந்தது.