நந்திதுர்க்: பாதியில் நின்ற கூரை

சயனைடு மேட்டுப் பக்கம் கூரையில்லாத காரில் போகக் கூடாது. தங்கம் பிரித்தபின் கொட்டிய பாறைத்தூள் மலை அது. காற்றடித்தால் கண் திறக்க முடியாது. நண்பரின் 1956 செவர்லே பெல்ஏரின் துணிக்கூரையோ பாதியில் நின்றுவிட்டது.

பட்டனைத் தட்டினால் பின்சீட்டுக்குப் பின்னாலிருக்கும் மோட்டார் பம்ப்பைச் சுழற்றும். எண்ணெய் அழுத்தம் இரு பக்கச் சிலிண்டர்களைத் தள்ள, கூரை எழும்பும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றால் மடங்கும். பெங்களூரில், அமெரிக்காவிலிருந்து பம்ப் வர வேண்டும் என்றார்கள்.

நந்திதுர்க் லைன் வீட்டு வாசலில் சாக்கு விரித்துப் பிரித்துப் பார்த்தார், சுரங்க ஒர்க்‌ஷாப்பின் முன்னாள் ஃபிட்டர். பம்ப்பில் கோளாறே இல்லை. பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் யாரோ என்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். ரப்பர் சீல்கள் உப்பிவிட்டன. சிலிண்டர் கழற்ற முடியாதபடி மூடப்பட்டது. ராபர்ட்சன்பேட்டை லேத்தில் வாயை வெட்டி, மரையிட்டு, புது மூடி கடைந்தார். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடுமே என்று சுற்றிலும் ஈரத்துணி வேறு.

1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. இயந்திரம் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லாதிருந்தது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. அவர் மகன் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். லேத் பக்கமே வந்ததில்லையாம்.

காற்றுப்போக மூன்று முறை ஏற்றி இறக்கச் சொன்னார். மூன்றாம் முறை கூரை சீராக வந்து மூடியது. லைன் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரோ, எங்காவது சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.